ஏற்றாமல் கிடக்கும் கேம் கீகள்: தொலையாமல் வைப்பது எப்படி

‘கீ’ என்பதைத் தமிழில் ‘திறப்பு’ என்று சொன்னால் பிழையான படம் ஒன்று மனதில் விழும். வீட்டுத் திறப்பால் ஆயிரம் தரம் கதவைத் திறக்கலாம். கேம் கீ, அதாவது வாங்கிய வீடியோ கேமை உங்கள் கணக்கில் சேர்க்க அடிக்கும் குறியீடு, அப்படியல்ல. அது பழைய ரீலோட் கார்ட் மாதிரி. வெள்ளிப் பூச்சைச் சுரண்டி இலக்கத்தை அடித்தவுடன் காசு போனுக்குள் போய்விடும், கையில் மிஞ்சுவது வெறும் மட்டை. சுரண்டாத கார்டில் எவருடைய பெயரும் இருக்காது. யார் முதலில் அடிக்கிறாரோ அவருக்குத்தான் அது சொந்தம். கேம் கீயும் ஒருமுறைதான் ஏறும், ஒரு கணக்கில்தான் ஏறும். ஏறிய பிறகு அதைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுக்க வழியில்லை.

ரீலோட் கார்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கார்டின் வெள்ளி சுரண்டப்பட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியும். கீ என்பது வெறும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. பாவித்த கீயும் பாவிக்காத கீயும் பார்வைக்கு ஒன்றுதான். சந்தையில் தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கலாம். கீயைத் தட்டிப் பார்க்க முடியாது. கணினிக் கேம்களை விற்கும் தளமான ஸ்டீமில் ஒரு கீ உயிரோடு இருக்கிறதா என்று ஏற்றாமல் பார்க்கும் வசதி சாதாரண பயனாளருக்குக் கிடையாது. சோதிப்பதும் செலவழிப்பதும் ஒரே வேலை. அதனால் அந்தக் கீ எதற்கு, எங்கே ஏறும், எதுவரை செல்லும், யாருக்காவது ஏற்கெனவே கொடுத்தாயிற்றா என்பதெல்லாம் நீங்கள் எழுதி வைத்த குறிப்பில் இருந்தால்தான் உண்டு. இந்தக் கட்டுரை அந்தக் குறிப்பைப் பற்றியது.

கீகள் எப்படிக் குவிகின்றன?

பெரும்பாலும் பண்டில்களால், அதாவது பல கேம்களைச் சேர்த்து ஒன்றாக விற்கும் பொதிகளால். ஹம்பிள் பண்டில் 2010 மே மாதம் ‘விரும்பிய விலையைக் கொடு, எல்லாக் கேமையும் எடு’ என்று தொடங்கிய பாணியைப் பிறகு பல கடைகள் பின்பற்றின. பத்துக் கேம் உள்ள பண்டிலை ஒருவர் வாங்குவது அதில் இரண்டுக்காகத்தான். மிச்சம் எட்டும் கீயாகவே கிடக்கும். மாதச் சந்தாவும் சேர்ந்தால் ஒரு வருடத்தில் அறுபது எழுபது கீ மிஞ்சுவது பெரிய விஷயமல்ல. இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பெல்லாம் ஸ்டீமில் ஒரு கேமை வாங்கிப் பரிசாக உங்கள் இருப்பிலேயே போட்டு வைத்துப் பிறகு ஒருவருக்கு அனுப்பலாம். 2017 மே மாதத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். அதன்பின், பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருக்கக் கூடியது கீ மட்டும்தான்.

பழைய டிவிடி பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் கீகளும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் பிரதி எடுத்து விற்ற டிவிடியின் உறையில் எழுதியிருந்த எண்களை இதில் சேர்க்க வேண்டாம். ஊர் முழுக்க ஒரே எண்ணைத்தான் அடித்தார்கள். அது எந்தக் கணக்கிலும் ஏறாது. ஸ்டீம் வருவதற்கு முன்பு வந்த அசல் பெட்டிகளிலும் சிலவற்றின் கீ மட்டுமே ஸ்டீமில் ஏறும்.

கையில் இருப்பது என்ன வகை?

ஒழுங்குபடுத்தத் தொடங்குமுன் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் கீ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முதல் வகை, கண்ணுக்குத் தெரியும் கீ. எழுத்துகள் கையில் இருக்கின்றன, எங்கேயும் எழுதி வைக்கலாம். இரண்டாவது, இன்னும் திறந்து காட்டாத கீ. கடையின் பக்கத்தில் உங்கள் கணக்குக்குள் ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால்தான் எழுத்துகள் தெரியும். மூன்றாவது, பரிசு இணைப்பு. அது கீ அல்ல; கீயைப் பெற்றுக்கொள்ளும் ஒரு முகவரி. அதைத் திறந்து ஒருவர் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டால் மற்றவருக்கு இல்லை.

திறக்காத கீயைத் திறந்து வைப்பதா, அப்படியே விடுவதா என்பதில்தான் தொடக்கக்காரர் பலர் தடுமாறுகிறார்கள். திறக்காமல் வைத்தால் சில கடைகளில் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாய்ப்பு மிஞ்சும், திறந்தால் போய்விடும். மறுபக்கம், திறக்காத கீ உங்களிடம் இல்லை, கடையிடம்தான் இருக்கிறது. கடையின் கையிருப்புத் தீர்ந்தால் பட்டனை அழுத்தும்போது ‘கீகள் முடிந்துவிட்டன, பிறகு வாருங்கள்’ என்று வரும். காலக்கெடு தாண்டினால் பட்டனே இருக்காது. எங்கள் தீர்ப்பு இதுதான்: பணம் திரும்பக் கேட்கும் நாட்கள் கடந்துவிட்டால் திறந்து எழுதிவிடுங்கள். ‘திறக்காமல் இருந்தால் புதிதாக இருக்கும்’ என்ற நினைப்புக்கு இங்கே பொருளில்லை.

வடிவத்தைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். ஸ்டீம் கீ பெரும்பாலும் ஐந்து ஐந்து எழுத்தாக மூன்று தொகுதி, நடுவில் சிறு கோடு. எக்ஸ்பொக்ஸ், மைக்ரோசொஃப்ட் குறியீடு 25 எழுத்து, ஐந்து ஐந்தாக ஐந்து தொகுதி. பிளேஸ்டேஷன் 12, நாலு நாலாக மூன்று. நின்டெண்டோ 16. மைக்ரோசொஃப்ட்காரர் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள். அவர்களுடைய 25 எழுத்துக் குறியீட்டில் ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் வராது. சுழியம், ஒன்று, ஐந்து ஆகிய இலக்கங்களும் வராது. அட்டையில் ‘ஓ’ மாதிரி ஒன்று தெரிந்தால் அது ‘கியூ’ அல்லது ‘டி’ ஆகத்தான் இருக்க வேண்டும். மற்ற நிறுவனங்களிடம் இந்த உதவியை எதிர்பார்த்து எழுத்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

எழுதி வைக்கும் அட்டவணை

இருபது கீக்குக் குறைவு என்றால் ஒரு கொப்பியில்கூட எழுதலாம். அதற்கு மேல் போனால் எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒஃபிஸ் அட்டவணை வேண்டும், ஏனென்றால் வடிகட்டிப் பார்க்கும் தேவை வரும். ஒரு கீக்கு ஒரு வரி. பண்டில் ஒன்றில் பத்துக் கீ என்றால் பத்து வரி. ‘டிசம்பர் பண்டில், பத்துக் கேம்’ என்று ஒரே வரியில் அடைத்தால் ஒன்று போன பிறகு எந்த ஒன்பது மிச்சம் என்று தெரியாது.

கேமின் பெயரைக் கடையில் உள்ளபடி முழுமையாக எழுதுங்கள். சாதாரணப் பதிப்பா, டீலக்ஸா, டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதி மட்டுமா என்பதைத் தனிப் பத்தியில் போடுங்கள். டிஎல்சி கீயைக் கேம் கீ என்று நினைத்து ஒருவருக்குக் கொடுத்தால், அவரிடம் அடிப்படைக் கேம் இல்லாதபடியால் ‘முதலில் அந்தக் கேம் வேண்டும்’ என்ற செய்திதான் அவருக்கு வரும்.

அடுத்து இரண்டு பத்திகள், இவற்றைக் குழப்பக் கூடாது: எங்கே வாங்கியது, எங்கே ஏறும். ஹம்பிளில் வாங்கிய கீ ஸ்டீமில் ஏறலாம், ஜிஓஜி, யூபிசொஃப்ட் கனெக்ட் போன்ற வேறு கேம் தளங்களிலும் ஏறலாம். பிரச்சினை வந்தால் முறையிட வேண்டியது வாங்கிய கடையிடம். ஏற்ற வேண்டியது மற்ற இடத்தில். இதோடு கட்டளை எண்ணையும் எழுதுங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு கீ வேலை செய்யவில்லை என்று கடைக்கு எழுதும்போது அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

பிராந்தியம் என்று ஒரு பத்தி கட்டாயம். சில கீகள் குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் ஏறும், சில ஒரு சில நாடுகளைத் தவிர்த்து எல்லா இடத்திலும் ஏறும். வாங்கும் பக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். இலங்கை உள்ளே இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்து எழுதுவதுதான் லேசு. பிளேஸ்டேஷனில் இது இன்னும் முக்கியம். இலங்கைக்கென்று பிளேஸ்டேஷன் ஸ்டோர் இல்லாதபடியால் இங்கே பாவிப்பவர்கள் வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்திருப்பார்கள். அமெரிக்கக் கணக்குக்கு அமெரிக்கக் குறியீடு, இந்தியக் கணக்குக்கு இந்தியக் குறியீடு. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா லண்டனிலோ டொரொன்டோவிலோ கடையில் பார்த்து ஆசையாக வாங்கி அனுப்பும் பிளேஸ்டேஷன் கார்ட் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். பிராந்தியத்தை ஏமாற்ற விபிஎன் போட்டு ஸ்டீமில் ஏற்றுவது அவர்களின் ஒப்பந்தத்துக்கு எதிரானது. ஒரு கீக்காகக் கணக்கு முழுவதையும் பணயம் வைக்க வேண்டாம்.

திகதிகள் இரண்டு: வாங்கியது, காலாவதி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அமெரிக்கக் கடைகள் மாதத்தை முதலில் எழுதும். நாம் நாளை முதலில் எழுதுவோம். 03/05 என்று இருந்தால் அது மார்ச் 5, மே 3 அல்ல. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2026-03-05 என்று எழுதினால் குழப்பமும் இல்லை, அட்டவணை தானாகவே சரியாக வரிசைப்படும். நேரமும் வேறு. கடையின் காலக்கெடு பசிபிக் நேரம் காலை 10 மணி என்றிருந்தால், நமக்கு அது அதே நாள் இரவு 10.30, அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் இரவு 11.30. கடைசி இரவில் மின்வெட்டு வந்தால் அவ்வளவுதான். அதனால் அட்டவணையில் கடை சொன்ன திகதிக்கு ஒரு வாரம் முந்தைய திகதியைப் போடுவது நல்ல பழக்கம். அந்தத் திகதிக்குள் கீயைத் திறந்தால் மட்டும் போதாது, ஏற்றியும் விடுங்கள். சில கீகள் திறந்த பிறகும் அதே கெடுவோடு செத்துப்போகும்.

கடைசியாக, நிலை. இதற்கு ஐந்து சொல் போதும்: கிடக்கிறது, ஏற்றியது, கொடுத்தது, பிழை, காலாவதி. ‘கொடுத்தது’ என்றால் யாருக்கு, எப்போது என்று பக்கத்தில். வரியை அழிக்காதீர்கள். அழித்தால், அதே கீ பழைய மின்னஞ்சலில் திரும்பக் கண்ணில் படும்போது புதுக் கீ என்று நினைத்து இரண்டாவது ஆளுக்கும் கொடுத்துவிடுவீர்கள்.

அட்டவணை செய்யும் குறும்புகள்

எக்செல் தன்னைப் புத்திசாலி என்று நினைக்கிறது. நீங்கள் ஒட்டும் கீ முழுவதும் இலக்கமாக இருந்தால் அதை எண் என்று எடுத்துக்கொள்ளும். எண்ணில் 15 இலக்கம் வரைக்கும்தான் அது சரியாக வைத்திருக்கும்; பதினாறாவது இலக்கம் சுழியமாகிவிடும். முன்னால் இருக்கும் சுழியங்கள் காணாமல் போகும். இலக்கங்களுக்கு நடுவில் ஒரே ஒரு ‘ஈ’ எழுத்து வந்தால், விஞ்ஞானக் கணக்கு என்று நினைத்து வேறு எதையோ காட்டும். இவை திரும்பி வராத சேதங்கள். சேமித்து மூடிய பிறகு பழைய எழுத்துகளை மீட்க முடியாது. ஆகவே எதையும் ஒட்டுமுன் கீ வரும் பத்தி முழுவதையும் தெரிவுசெய்து ‘டெக்ஸ்ட்’ வகை என்று மாற்றுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் பலனில்லை.

அதே பத்திக்கு எழுத்துருவையும் மாற்றுங்கள். கன்சோலாஸ் அல்லது டெஜாவு சான்ஸ் மோனோ போன்ற சம அகல எழுத்துருவில் சுழியத்துக்குள் கோடோ புள்ளியோ இருக்கும், ‘ஓ’வோடு மாறாது. எட்டும் ‘பி’யும், ஒன்றும் ‘ஐ’யும் பிரிந்து தெரியும்.

கீயைக் கையால் தட்டாதீர்கள், பிரதி எடுத்து ஒட்டுங்கள். ஆனால் ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். வேர்டில் எழுதி வைத்தவர்களுக்கு இன்னொரு தொல்லை: சில இடங்களில் அது சிறு கோட்டை நீளக் கோடாக மாற்றிவிடும், அந்தக் கோட்டைக் கீயாக அடித்தால் செல்லாது என்று வரும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பது எல்லாவற்றிலும் மோசம். தேட முடியாது, பிரதி எடுக்க முடியாது, மூவாயிரம் கல்யாணப் படத்துக்கு நடுவில் கிடக்கும்.

ஒரே கீ இரண்டு தரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க எக்செல்லின் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் ‘டூப்ளிகேட் வேல்யூஸ்’ என்பதைக் கீப் பத்திக்குப் போடுங்கள். அதையே கேம் பெயர்ப் பத்திக்கும் போட்டால், எந்தக் கேமுக்கு இரண்டு கீ இருக்கிறது என்றும் நிறத்தில் தெரியும். கொடுப்பதற்கு முதலில் எடுக்க வேண்டியவை அவைதான்.

பூட்டி வைப்பது

பாஸ்வேர்ட் இல்லாத அட்டவணை என்பது பணத்தாள்களை மேசையில் அடுக்கி வைத்தது போலத்தான். எக்செல்லில் ‘புரொடெக்ட் ஷீட்’ போட்டால் பூட்டியாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறுதலாக மாற்றாமல் தடுக்கும் வேலி, அவ்வளவே; உள்ளே இருப்பதை யாரும் வாசிக்கலாம். உண்மையான பூட்டு ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’ என்பது. லிப்ரே ஒஃபிஸில் ‘சேவ் அஸ்’ பெட்டியிலேயே பாஸ்வேர்டோடு சேமிக்கும் கட்டம் இருக்கும்.

நூறு கீயைத் தாண்டியவர்களுக்குக் கீபாஸ் எக்ஸ்சி இன்னும் பொருத்தம். அது கணக்குப் பாஸ்வேர்ட் வைக்கும் இலவச மென்பொருள், ஆனால் கேம் கீக்குத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும். தலைப்பில் கேம் பெயர், பாஸ்வேர்ட் கட்டத்தில் கீ, குறிப்பில் கட்டளை எண்ணும் பிராந்தியமும். கீ புள்ளிகளாக மறைந்திருக்கும், பக்கத்தில் நிற்பவர் வாசிக்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் காலாவதித் திகதி போடும் வசதி உள்ளேயே இருக்கிறது. பிரதி எடுத்த கீயைக் கொஞ்ச நொடியில் அதுவே கிளிப்போர்டிலிருந்து (பிரதி எடுத்ததைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) அழித்துவிடும். ஸ்டீம், ஜிஓஜி, எக்ஸ்பொக்ஸ் என்று ஏறும் இடத்தின் பெயரில் கோப்புறைகள் வைத்தால் போதும். பிரதான பாஸ்வேர்டை மறந்தால் மட்டும் எவராலும் திறக்க முடியாது. அதைக் கடதாசியில் எழுதி, வீட்டு உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் அலுமாரிக் கோப்பில் வையுங்கள்.

கிளிப்போர்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் கிளிப்போர்ட் வரலாறு இயங்கினால் கடைசியாகப் பிரதி எடுத்த 25 விடயங்களை அது ஞாபகம் வைத்திருக்கும். வீட்டுக் கணினியில் அது பெரிய ஆபத்தல்ல. கொமினிகேஷன் கடைக் கணினியில் ஆபத்து. அச்செடுப்பதற்காகப் பட்டியலைக் கடை போனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் நம் ஊரில் சர்வ சாதாரணம். அந்தக் கோப்பு கடைக்காரரின் போனிலும், அவர் இறக்கிய கணினியிலும், நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் கிடக்கும். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். அடுத்ததாக அந்தக் கதிரையில் இருப்பவர் யாரென்று தெரியாது. அச்சு வேண்டுமென்றால் கேம் பெயரும் நிலையும் மட்டும் உள்ள பிரதியை அனுப்புங்கள், கீப் பத்தியை நீக்கிவிட்டு.

கடல் ஊரில் பிரதி எடுத்தல்

ஒரே இடத்தில் இருக்கும் கோப்பு இல்லாத கோப்புக்குச் சமம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பொதுவான கணக்கு. கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் பாஸ்வேர்ட் போட்ட கோப்பாக ஒன்று.

திருகோணமலையில் பென் டிரைவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். உப்புவெளியிலோ திருக்கடலூரிலோ கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால், ஜன்னல் கொக்கி துருப்பிடிக்கும் அதே உப்புக்காற்று பென் டிரைவின் உலோக முனையையும் அரிக்கும். சிறிய மூடியுள்ள போத்தலில் போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பையொன்றையும் சேர்த்து மூடி வையுங்கள். ஒக்டோபரில் தொடங்கும் வாடைக்கால மழைக்கும் இடிமின்னலுக்கும் கணினியோடு செருகியே விட்ட டிரைவ் கணினியோடு சேர்ந்தே போகலாம். பிரதி எடுத்ததும் கழற்றுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் இம்மாவட்டத்தில்தான் கரையைக் கடந்தது. வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி என்று சொல்வது அப்படிப்பட்ட இரவுகளை நினைத்துத்தான். அச்சுப் பிரதி வைப்பவர்கள் லேசர் அச்சு எடுங்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கரைந்து ஓடும், பிறகு எட்டா பியா என்ற கேள்வியே எழாது.

ஏற்றும்போது வரும் செய்திகள்

ஸ்டீம் செயலியில் ‘கேம்ஸ்’ பட்டியலுக்குள் ‘ஆக்டிவேட் எ புரொடக்ட்’ என்று இருக்கும். அங்கே ஒட்ட வேண்டும். வரும் பதிலைப் பொறுத்து அட்டவணையில் நிலை மாறும்.

‘ஏற்கெனவே உங்களிடம் உள்ளது’ என்று வந்தால் பதற வேண்டாம். கீ செலவாகவில்லை, இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. உங்களிடம் சாதாரணப் பதிப்பு இருந்து, கீ டீலக்ஸ் பதிப்புக்கானது என்றால், உங்களிடம் இல்லாத ஏதோ ஒரு பகுதி அதில் இருக்கும். அந்தப் பகுதிக்காகக் கீ முழுவதும் ஏறிவிடும், மிச்சம் வீண். பதிப்புப் பத்தியை ஏன் தனியாக வைக்கச் சொன்னோம் என்பது இப்போது விளங்கும்.

‘இந்தக் கீ வேறு கணக்கில் பாவிக்கப்பட்டுள்ளது’ என்று வந்தால் முதலில் உங்கள் பழைய கணக்குகளையும் தம்பியின் கணக்கையும் பாருங்கள். பாதி நேரம் விடை வீட்டுக்குள்ளேயே இருக்கும். இல்லையென்றால் கட்டளை எண்ணோடும் பிழைச் செய்தியின் படத்தோடும் கடைக்கு எழுதுங்கள். ‘செல்லாது’ என்று வந்தால் இடைவெளியும் கோடும் சரியா என்று பாருங்கள், ஏறும் இடம் ஸ்டீம்தானா என்றும் பாருங்கள். எழுத்தை மாற்றி மாற்றி ஊகித்து அடித்தால் கொஞ்ச நேரத்தில் ‘முயற்சிகள் அதிகம், பொறுத்துப் பிறகு முயலுங்கள்’ என்று வரும். அந்தத் தடை நீங்கும்வரை சரியான கீயும் ஏறாது. காலக்கெடு நாளின் கடைசி மணியில் இது வந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சில கீகள் ஏறிய பிறகும் பறிபோகும். திருட்டு அட்டையால் வாங்கப்பட்ட கீயென்று தெரிந்தால் வெளியீட்டாளர் அதை ரத்துச் செய்ய முடியும். 2015 ஜனவரியில் யூபிசொஃப்ட் அப்படி ரத்துச் செய்து, கூச்சல் எழுந்த பிறகு ஏற்கெனவே விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தது. ஃபக்டோரியோ கேமை உருவாக்கிய வூப் நிறுவனத்தின் திருட்டுக் கீகளில் 198 தன் சந்தையில் விற்கப்பட்டதைக் கீ மறுவிற்பனைத் தளமான ஜி2ஏ 2020இல் ஒப்புக்கொண்டு 39,600 டொலர் கொடுத்தது. எங்கே வாங்கியது என்ற பத்தியில் இப்படிப்பட்ட மறுவிற்பனைச் சந்தையின் பெயர் இருந்தால், அந்தக் கீயைச் சேமிப்பில் வைத்திருப்பதில் அர்த்தமில்லை. ஏற்றிப் பார்த்துவிடுங்கள், பிரச்சினை என்றால் முறையிடும் நாட்கள் தீருமுன் தெரிய வேண்டும்.

கடையே இல்லாமல் போவதும் நடக்கும். 2010க்குப் பிறகு வந்த சில பண்டில்களில் ஸ்டீம் கீக்குப் பதிலாகத் தெசூரா என்ற தளத்தின் கீ இருந்தது. அதை நடத்திய நிறுவனம் 2015இல் திவாலானது. அந்தக் கீகளுக்கு இப்போது பூட்டே இல்லை. இதற்கு நேரெதிரும் உண்டு. ஸ்டீமில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட பல கேம்களின் பழைய கீ இன்னும் ஏறும். கடையில் காசு கொடுத்தும் வாங்க முடியாத கேம் உங்கள் பட்டியலின் அடியில் கிடக்கலாம். பெயரைத் தேடிப் பார்க்காமல் குப்பை என்று ஒதுக்க வேண்டாம்.

கொடுப்பது

“அண்ணா, அந்தக் கார் கேம் கீ இன்னும் இருக்கா?” என்று செய்தி வந்தால், முதலில் நிலைப் பத்தியில் ‘கொடுத்தது’ என்று எழுதிவிட்டு, பிறகுதான் கீயை அனுப்ப வேண்டும். மறுபக்கமாகச் செய்தால் எழுத மறந்துபோகும். அனுப்பியவுடன் அன்றைக்கே ஏற்றச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து “வேலை செய்யுதில்லை” என்று வந்தால் யாருடைய தவறு என்று கண்டுபிடிக்க முடியாது. பேஸ்புக் குழுவில் கீயை அப்படியே போட்டால், அதைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உங்கள் நண்பர் வாசித்து முடிப்பதற்குள் எடுத்துவிடும். ஒரு எழுத்தை மறைத்துப் போட்டாலும் அவை முப்பத்தாறு முறை முயன்று பார்க்கும். தனிச் செய்தியில் அனுப்புவதே வழி.

புதுப் பையன்களுக்குக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லி வையுங்கள். ஸ்டீமில் 5 டொலர் செலவழிக்காத கணக்கு ‘வரையறுக்கப்பட்ட கணக்கு’. நண்பர் கோரிக்கை அனுப்பக்கூட முடியாது. எத்தனை கீ ஏற்றினாலும் அந்தத் தடை நீங்காது. கீ ஏறவில்லை என்று இதைத்தான் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தம்பி என்றால் இரண்டாவது கீயே தேவையில்லாமல் இருக்கலாம். 2024இல் வந்த ஸ்டீம் ஃபெமிலியில் ஒரு வீட்டில் ஆறு பேர் வரை சேர்ந்து பெரும்பாலான கேம்களைப் பகிரலாம்.

மாதம் ஒருமுறை

இந்த வேலைக்கு ஒரு நாள் வேண்டும் என்றால் போயா விடுமுறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் தவறாது வரும், நாட்காட்டியில் தனியாகக் குறிக்க வேண்டியதில்லை. முதலில் மின்னஞ்சலில் அந்த மாதக் கட்டளைகளைத் தேடி, புதுக் கீகளை அட்டவணைக்கு மாற்றுங்கள். பிறகு காலாவதிப் பத்தியை வரிசைப்படுத்தி அடுத்த ஆறு வாரத்துக்குள் முடிபவற்றைப் பாருங்கள். அவற்றை அன்றைக்கே ஏற்றலாம், அல்லது அன்றைக்கே யாருக்காவது கொடுக்கலாம். முடிந்ததும் கோப்பின் பெயரில் அன்றைய திகதியைச் சேர்த்துப் பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் புதுப் பிரதி போடுங்கள், பழையதை அழிக்காமல். அந்தப் பென் டிரைவை வேறு ஒரு கணினியில் செருகி, பாஸ்வேர்டை அடித்து, ஏதாவது ஒரு கீ ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கழற்றிப் போத்தலுக்குள் போட்டு மூடுங்கள்.